கூட்டரசாங்கமும் கொடுத்த வாக்கும்

பாராளுமன்ற ஜனநாயகத்தை எண்ணிக்கையின் ஆட்சி என்று கூறுவர். சபையில் அரைவாசிக்கு மேற்பட்ட உறுப்பினரின் நம்பிக்கையைப் பெற்றவர் அரசாங்கம் அமைப்பார். அந்நம்பிக்கையை இழந்தவர் வெளியேறுவார். தனிக்கட்சி ஒன்றுக்கு அந்த எண்ணிக்கை கிட்டாதபோது பல கட்சிகள் சேர்ந்து அதனை நிரப்புகின்றன. இவ்வாறு அமைவதே கூட்டரசாங்கம். பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. எண்ணிக்கையை நிரப்பியவர்கள் எவ்விலையைக் கேட்டனர், அவ்விலையைச் செலுத்தியவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் வரலாற்றிடமே நாம் செல்லவேண்டும்.

வெள்ளவத்தையில் நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வியை எழுப்பினர். 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றுவிட்டது. இனிக் கூட்டரசாங்கம் என்னும் அத்தியாயத்தைப் படிக்கத்தான் வேண்டுமா என்பதே அக்கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடையிறுக்க எம்மால் இயலவில்லை. அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் தெருக்களிலிருந்தே விடையைத் தொடங்கினோம். அன்று கூறியவற்றைச் சற்று விரித்து இங்கு எழுதுகின்றோம்.

முதலில் ஒரு சொல்மயக்கத்தை நீக்குதல் நன்று. கூட்டாட்சி என்பது வேறு, கூட்டரசாங்கம் என்பது வேறு. முன்னையது, நாட்டின் அதிகாரத்தை மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரும் சமஷ்டி அமைப்பு. பின்னையது, ஒரே மந்திரிசபையில் பல கட்சிகள் அமரும் ஏற்பாடு. எமது நாட்டின் வரலாற்றிலோ இவையிரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதிகாரப் பகிர்வில் ஒரு சிறு பங்கையேனும் பெறலாம் என்ற நம்பிக்கையிலேயே தமிழ்க் கட்சிகள் மீண்டும் மீண்டும் கூட்டரசாங்கத்தின் வாயிலை அணுகின. அவை பெற்றது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூட்டரசாங்கத்தைத் தாங்கும் தூண்கள் மூன்று. ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று பொது வேலைத்திட்டம், மூன்றாவது கூட்டுப்பொறுப்பு. மந்திரிசபை எடுத்த முடிவை அதன் ஒவ்வோர் உறுப்பினரும் வெளியே ஆதரித்துப் பேசுதல் வேண்டும். ஆதரிக்க மனமில்லாதவர் பதவி துறத்தல் வேண்டும். இதுவே கூட்டுப்பொறுப்பு. பெரிய கட்சிக்கு இது கவசம். சிறிய கட்சிக்கு வாய்ப்பூட்டு. இதிலிருந்து தப்ப விரும்பும் கட்சி மந்திரிப் பதவி ஏற்காது, வெளியிலிருந்து ஆதரவளிக்கும். அப்போது அதன் நா சுதந்திரமாக இருக்கும். கையில் அதிகாரம் இராது. உள்ளே சென்றால் அதிகாரத்தில் ஒரு பங்கு கிட்டும், நா கட்டுப்படும். இந்த இக்கட்டிலிருந்து எந்தச் சிறு கட்சியும் தப்பியதில்லை.

வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933ஆம் ஆண்டு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். இந்நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான ஏ. ஈ. குணசிங்கா, பொருளாதார மந்தம் சூழ்ந்த அந்நாட்களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான இனக்குரோதத்தை நாடினார். இனபேதம் பாராது ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய புதிய சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இளம் வழக்கறிஞரான கொல்வின் ஆர். டி சில்வா. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே தேர்தலில் கொழும்பு மத்தித் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமனைத் தெரிவுசெய்தது. வெள்ளவத்தையின் ஆலைத் தொழிலாளியும் கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளியும் தலைநகரின் அரசியலில் கணக்கிலெடுக்கப்பட்ட காலம் அது.

அத்தேர்தலில் தெரிவுசெய்யப்பட வேண்டிய 95 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 மட்டுமே. பெரும்பான்மை எவருக்கும் இல்லை. எதிரணியினர் ஹவ்லொக் வீதியிலிருந்த எச். ஸ்ரீ நிசங்காவின் 'யமுனா' இல்லத்திலே கூடினர். இடதுசாரிகளும் தமிழ்க் காங்கிரசும் சுயேச்சைகளும் சேர்ந்து மாற்று அரசாங்கம் ஒன்றை அமைக்க முடியுமா என்று ஆராய்ந்தனர். ஐக்கிய தேசியக் கட்சி வேண்டாம் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர். அதன் இடத்தில் எதனை வைப்பது என்பதில் ஒன்றுபட முடியவில்லை. முயற்சி கைகூடவில்லை. டி. எஸ். சேனநாயக்கா சுயேச்சைகளையும் நியமன உறுப்பினரையும் துணைக்கொண்டு ஆட்சி அமைத்தார். எதிர்ப்பு மட்டும் ஒரு கூட்டைப் பிறப்பிக்காது என்பது சுதந்திரத்துக்கு முன்பே எமக்குக் கிடைத்த பாடம்.

அடுத்த பாடம் விரைவிலேயே வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகளும் தமிழ்க் காங்கிரசும் எதிர்த்தனர். சில மாதங்களின் பின் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில், கடற்றொழில் மந்திரியாக அரசாங்கத்தில் இணைந்தார். ஆண்டின் இறுதியில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் மசோதா சபைக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக வாக்களித்தார். கூட்டுப்பொறுப்பு தன் வேலையைச் செய்தது. அவர் காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தொழிற்சாலைகள் தோன்றின என்பதை மறுத்தல் நியாயமாகாது. ஆயினும் அதற்கான விலையைச் செலுத்தியவர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர். 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தோடு அவர்களிற் பெரும்பாலார் வாக்குரிமையையும் இழந்தனர். இடதுசாரி வேட்பாளருக்கு வலுவூட்டிய வாக்குகளும் அவற்றோடு மறைந்தன. இக்கூட்டை ஏற்காத சா. ஜே. வே. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் பிரிந்து சென்று 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

1956இல் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களோடு வெற்றிவாகை சூடியது. அதுவும் ஒரு கூட்டே. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு பிலிப் குணவர்த்தனாவின் கட்சியும், தகநாயக்காவின் மொழி முன்னணியும், சுயேச்சைகள் சிலரும் அதில் இருந்தனர். சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டு வெளியே நின்றன. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா அவ்வாண்டு ஜூனில் வந்தபோது, வெளியே நின்ற இவ்விரு கட்சிகளும் அதனை எதிர்த்து வாக்களித்தன. ஒரு மொழியை மட்டும் ஏற்பின் நாடு இரண்டாகும், இருமொழிகளையும் ஏற்பின் நாடு ஒன்றாக நிற்கும் என்னும் கருத்துப்பட வெள்ளவத்தை–கல்கிசையின் உறுப்பினர் அன்று விடுத்த எச்சரிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. உள்ளே இருந்த பிலிப் குணவர்த்தனாவோ மசோதாவை ஆதரித்தார்.

இந்த அரசாங்கத்தின் காலத்திலே அடுத்தடுத்து நிகழ்ந்த இரு சம்பவங்களை ஒப்பிட்டுப் பார்க்குமாறு எம் மாணவரை நாம் கேட்பதுண்டு. விவசாய மந்திரியான பிலிப் குணவர்த்தனா குத்தகை விவசாயிக்கு நிலப் பாதுகாப்பு வழங்கும் நெற்காணி மசோதாவைக் கொண்டுவந்தார். மந்திரிசபையிலிருந்த வலதுசாரிகள் அதனை எதிர்த்தனர், அதன் பற்களைப் பிடுங்கினர். இருந்தும் 1958ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது. 1959இல் மந்திரிகள் பலர் மந்திரிசபைக் கூட்டத்துக்கு வர மறுத்துப் பிலிப்பை வெளியேறச் செய்தனர். மந்திரி போனார், சட்டம் நின்றது.

மற்றையது பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம். 1957 ஜூலை 26இல் கைச்சாத்திடப்பட்ட அது பிரதேச சபைகளையும் வடகிழக்கில் தமிழ்மொழி நிர்வாகத்தையும் உறுதிகூறியது. அதற்குச் சட்டவடிவம் கொடுக்கப்படவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி கண்டியை நோக்கி யாத்திரை தொடங்கிற்று. 1958 ஏப்ரிலில் பிக்குகள் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்தபோது ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. கொழும்பில் அகதிகளான தமிழர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரே அரசாங்கம் அளித்த இரு வாக்குறுதிகள் இவை. சட்டமாகிய வாக்குறுதி, அதனைக் கொண்டுவந்தவரின் வீழ்ச்சிக்குப் பின்னும் பிழைத்திருந்தது. தாளில் நின்ற வாக்குறுதி, அதில் ஒப்பமிட்டவர் பதவியிலிருக்கும்போதே மடிந்தது.

1960 மார்ச்சில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 151 ஆசனங்களுள் 50ஐ மட்டும் பெற்ற டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் ஏப்ரிலில் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலேயே தோற்றது. அதனை வீழ்த்தத் தமிழரசுக் கட்சியின் 15 வாக்குகள் சுதந்திரக் கட்சிக்குத் தேவைப்பட்டன. தேவைப்பட்ட வேளையில் உறுதிமொழிகளும் பிறந்தன. ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றதும் அந்தத் தேவை அற்றுப்போயிற்று. உறுதிமொழிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. 1961இன் தொடக்கத்தில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தில் இறங்கியது.

இனி எமக்கு நெருக்கமான அணியின் வரலாற்றுக்கு வருவோம். பிறர் குற்றங்களை நிறுத்துப் பார்த்த தராசிலே எம் குற்றத்தையும் வைத்தல் வேண்டும். 1963 ஓகஸ்டில் மூன்று இடதுசாரிக் கட்சிகள் இணைந்து ஐக்கிய இடதுசாரி முன்னணியை அமைத்தன. தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளின் கீழ் ஒன்றுதிரண்டன. ஓராண்டு நிறையுமுன், 1964 ஜூனில், சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தது. என். எம். பெரேரா நிதி மந்திரியானார். முன்னணி உடைந்தது, 21 கோரிக்கைகளின் போராட்டம் தணிந்தது, கட்சியும் பிளவுண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. 1948இல் இம்மக்களுக்காகச் சபையிலே வாதாடிய கட்சி இப்போது மந்திரிசபையில் அமர்ந்திருந்தது. அந்த அரசாங்கமும் நிலைக்கவில்லை. டிசெம்பர் 3இல் சி. பி. டி சில்வாவும் அவரோடு பதின்மூவரும் எதிரணிக்குத் தாவினர். 74க்கு 73 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால், அரசாங்கம் கவிழ்ந்தது.

1965 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சியிடம் 14 இருந்தன. தேர்தல் முடிந்த இரண்டாம் நாளே, மார்ச் 24இல், டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. ஏழு கட்சிகளின் 'தேசிய அரசாங்கம்' பிறந்தது, செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானார். 1966 ஜனவரியில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கான பிரமாணங்கள் சபைக்கு வந்தன. அவற்றை எதிர்த்துக் கொழும்புத் தெருவில் ஊர்வலம் சென்றவர்களுள் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். வடையைக்கூட இனக்கேலிக்குக் கருவியாக்கிய கோஷங்கள் அக்காலத்தில் எழுந்தன. பத்தாண்டுகளுக்கு முன் இருமொழிக்காக அடியும் உதையும் பட்ட இயக்கம் இது! எதிர்க்கட்சி வரிசையிலும் கூட்டு உண்டு. அக்கூட்டுக்கும் விலை உண்டு. மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968இல் வெளியாகிக் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே திருச்செல்வமும் பதவி துறந்தார்.

1970 மே மாதம் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களுள் 116ஐ வென்றது. சுதந்திரக் கட்சிக்கு 91, சமசமாஜக் கட்சிக்கு 19, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6. சுதந்திரக் கட்சிக்குத் தனித்தே பெரும்பான்மை இருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். எண்ணிக்கைக்குத் தேவைப்படாத பங்காளி, கூட்டில் விருந்தினன் ஆகிறான். கெனமன் வீடமைப்பு மந்திரியானார். கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார மந்திரியானார். அவர் பொறுப்பில் உருவாகி 1972 மே 22இல் நிறைவேறிய குடியரசு அரசியலமைப்பு, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக நிலைநிறுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்தது. சிறுபான்மையோருக்குச் சோல்பரி யாப்பு வழங்கிய 29ஆம் பிரிவின் காப்பு அதில் இல்லை. மொழி பற்றிய தீர்மானத்தை அடுத்துத் தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்ததும் இவ்வாட்சியின் தொடக்க ஆண்டுகளில்தான்.

வெள்ளவத்தை ஆலைவாசலில் பல இனத் தொழிலாளரை ஒன்றுசேர்த்தவர், 1956இல் நாடு பிளவுபடும் என எச்சரித்தவர், 1972இன் ஏட்டுக்குப் பொறுப்பாளராக நின்றார். இதனைத் தனிமனிதரின் துரோகம் என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. அவ்வாறு கூறுவதால் நாம் எதனையும் கற்றுக்கொள்வதில்லை. 1956இல் அவர் வெளியே நின்றார். அவர் நா சுதந்திரமாக இருந்தது. 1972இல் உள்ளே இருந்தார். ஐந்தில் ஒரு பங்கு பலமும் இல்லாத கட்சியின் பிரதிநிதியாக, பெரும்பங்காளியின் கொள்கைக்குக் கூட்டுப்பொறுப்பு ஏற்றார். காணி உச்சவரம்பு, தோட்டங்களைத் தேசியமயமாக்கல் முதலிய இலக்குகளுக்காக மொழிப்பிரச்சினையை விட்டுக்கொடுக்கலாம் என்று அவ்வணி கணக்கிட்டிருக்க வேண்டும். அக்கணக்கு எவ்வாறு முடிந்தது? 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. 1977 ஜூலைத் தேர்தலில் இரு இடதுசாரிக் கட்சிகளும் ஓர் ஆசனந்தானும் பெறவில்லை. முப்பது ஆண்டுகள் கொழும்பு மத்தியின் பிரதிநிதியாக விளங்கிய கெனமனும் தோற்றார். உரிமையை விட்டுக்கொடுத்துச் சீர்திருத்தத்தை வாங்கச் சென்றவர்கள் ஈற்றில் மக்களின் நம்பிக்கையையே இழந்து நின்றனர்.

வேறு நாடுகளில் இது எப்படி நடைபெறுகின்றது? அயலிலுள்ள கேரளத்தைப் பார்ப்போம். 1967இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் தலைமையில் ஏழு கட்சிகளின் கூட்டு ஆட்சியமைத்தது. உட்பூசலால் 1969 ஒக்டோபரில் கவிழ்ந்தது. ஆனால் கவிழுமுன் அது நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அடுத்து வந்த அச்சுத மேனனின் கூட்டரசாங்கம் 1970 ஜனவரி முதலாந் திகதி அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியிலோ, கூட்டுச் சேரும் கட்சிகள் தம் உடன்படிக்கையை விரிவாக எழுதி அச்சிட்டு வெளியிடுகின்றன. 2013இலும் 2018இலும் சமூக ஜனநாயகக் கட்சி அவ்வுடன்படிக்கையைத் தன் உறுப்பினரின் வாக்கெடுப்புக்கு விட்ட பின்னரே மந்திரிசபையிற் சேர்ந்தது. அறைக்குள் எழுதிய தாளுக்கும் இவற்றுக்குமுள்ள வேறுபாடு வெளிப்படை.

1978இன் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் சிறு கட்சிகளின் எண்ணிக்கைப் பெறுமதி உயர்ந்தது. 1994 ஓகஸ்டில் மக்கள் கூட்டணி பெற்றவை 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரசின் 7 சேர்ந்தும் 112 ஆயிற்று. 225 பேர் கொண்ட சபையிற் பெரும்பான்மைக்குத் தேவையான 113ஆவது ஆசனத்தை அளித்தவர் மலையக மக்கள் முன்னணியின் பி. சந்திரசேகரன். 1948இல் கூட்டொன்றின் விலையாக வாக்கிழந்த மக்களின் பிரதிநிதி, நாற்பத்தாறு ஆண்டுகளின் பின் ஓர் அரசாங்கத்தின் கடைசி எண்ணாக நின்றார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமோ 2003இலேயே நிறைவேறியது. எண்ணிக்கை கையில் இருப்பது ஒன்று. அதனைச் சட்டமாக மாற்றுவது மற்றொன்று. 2015இல் இரு பெருங்கட்சிகளும் சேர்ந்து அமைத்த தேசிய அரசாங்கம் புதிய அரசியலமைப்பை வாக்களித்தது. 2016இல் அரசியலமைப்புச் சபை கூடியது. குழுக்கள் அறிக்கைகள் எழுதின. 2018 ஒக்டோபரில் அக்கூட்டு உடைந்தபோது அறிக்கைகளே எஞ்சின.

இனி எம் மாணவரின் கேள்விக்கு வருவோம். 159 ஆசனங்கள் உள்ள காலத்தில் இந்த அத்தியாயம் எதற்கு? 1970இல் 116 இருந்தன. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 இருந்தன. பெரிய எண்ணிக்கைகளும் கரைந்ததைக் கண்டோம். மேலும், இன்றைய ஆளும் அணியும் பல அமைப்புகள் சேர்ந்த ஒன்றே. விகிதாசார முறை நிலவும்வரை கூட்டின் தேவை மீண்டும் வரும். அன்று கேட்கவேண்டிய கேள்விகளை இன்றே கற்றுக்கொள்ளுதல் நலம்.

அக்கேள்விகள் மூன்று. உடன்பாடு மக்கள் முன் வைக்கப்பட்டதா? அது எத்திகதிக்குள் சட்டமாகும் என்று கூறப்பட்டதா? அதன் விலையைச் செலுத்தப்போகின்றவர், பேச்சு நடக்கும் மேசையில் இருக்கின்றாரா? மூன்றாவது கேள்வியே முதன்மையானது. 1948இலும் 1964இலும் தோட்டத் தொழிலாளி அம்மேசையில் இல்லை. இடதுசாரிகள் தோட்டத் தொழிலாளிக்காகப் பேசுவதைத் தம் தகுதியாகக் கொண்டவர்கள். அவன் இல்லாத மேசையில் அமர ஒப்பியபோது அத்தகுதியை அவர்கள் இழந்தனர்.

வகுப்பு முடிந்த பின் ஒரு மாணவி எம்மிடம் வந்து, "அப்படியானால் சேர், கூட்டுச் சேரவே கூடாதா?" என்று கேட்டாள். சேரவேண்டும் என்றே நாம் கூறினோம். பல மொழி, பல சமயம், பல வர்க்கம் வாழும் நாட்டில் தனித்து ஆள்பவன் பிறரை மறந்துவிடுகின்றான். கூடி ஆள்வதே முறை. ஆனால், எழுதி, வெளியிட்டு, சட்டமாக்கி, அதற்குரியவர்களையும் உடனிருத்திக் கூடவேண்டும். அவ்வாறு கூடிய அரசாங்கம் எமது நாட்டில் இன்னும் அமையவில்லை. அதனைக் கேட்டு நிற்கும் தலைமுறையை உருவாக்குதல் ஆசிரியராகிய எமது கடன். கேட்டுப் பெறுதல் மாணவராகிய உமது கடன்.